நூறு கிலோ ஆளுக்கு நாற்பது கம்பி

ரோடு பைக் வாங்கப் போகும் கனமான ஆசாமிக்குக் கடையில் கிடைக்கும் முதல் உபதேசம் சைக்கிளைப் பற்றியதாக இருக்காது. "முதல்ல ஒரு இருபது கிலோ குறைங்க சார், அப்புறம் இந்த வண்டி எடுத்துக்கலாம்." குறைப்பதற்குத்தான் மனிதர் சைக்கிளே வாங்க வந்திருக்கிறார் என்பது சொன்னவருக்குத் தோன்றாது. அதையும் மீறி வாங்கிவிட்டால் அடுத்த கட்டம் ஆரம்பம். மூன்று மாதத்தில் பின் சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு போக்ஸ் கம்பி போயிருக்கும். மாற்றிக் கொண்டு வந்தால் அடுத்த வாரம் இன்னொன்று. நாலாவது கம்பி போகும்போது, "நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்து வராதுப்பா" என்று வண்டி மொட்டை மாடிக்குப் போய்விடும். அங்கே துணி காயப் போட நன்றாக உதவும் :-)

தப்பு உடம்பின் மேல் இல்லை, சக்கரத்தின் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சக்கரத்தை அந்த மனிதருக்கு விற்றவர் மேல்.

நூறு கிலோவைச் சைக்கிள் சக்கரம் தாங்காது என்று தமிழ்நாட்டில் சொல்வதே வேடிக்கை. இந்த ஊர் ரோடுகளில் சைக்கிள் சுமக்காத பாரம் எது? இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட பால்காரர், கேரியரில் அரிசி மூட்டை கட்டியவர், இளநீர்க் குலைகளுக்கு நடுவே ஆளே தெரியாமல் வருபவர், முன் பாரில் பிள்ளையும் பின் கேரியரில் மனைவியுமாக சினிமாவுக்குப் போனவர். ஓட்டுகிறவர் எடையையும் சேர்த்தால் இவையெல்லாம் நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும் கணக்குகள். 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்தன. அவர்களில் யாரிடமும் போய் எடையைக் குறைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தப் பழைய கறுப்பு சைக்கிள் ஒன்று வீட்டிலோ தெருவிலோ நின்றால், சக்கரத்துக் கம்பிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். முன்னால் 32, பின்னால் 40. ஒரே வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் ஏன் வேறு எண்ணிக்கை? இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம் இது. காரணம் எளிது. சைக்கிளில் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் எடை பின் சக்கரத்தில் இறங்குகிறது. குனிந்து ஓட்டும் ரோடு பைக்கிலேயே நூற்றுக்கு 55 முதல் 60 பங்கு பின்னால்தான். நிமிர்ந்து உட்காரும் நாட்டு வண்டியில், கேரியரில் மூட்டையும் வைத்தால், கேட்கவே வேண்டாம். எங்கே பாரமோ அங்கே கம்பி. அவ்வளவுதான் தத்துவம்.

இன்றைக்குக் கடையில் பளபளவென்று நிற்கும் ரோடு பைக்குகளில் பின்னால் 24 கம்பி, முன்னால் 20 என்று இருப்பது சகஜம். பந்தயக்காரர்களிடமிருந்து வந்த மோஸ்தர். கம்பி குறைந்தால் காற்றின் எதிர்ப்பும் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பந்தயக்காரர் அறுபது, எழுபது கிலோ இருப்பார், மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போவார். முக்கியமாக, அவருக்குப் பின்னாலேயே மாற்றுச் சக்கரங்களைக் கூரையில் கட்டிக் கொண்டு ஒரு கார் வரும். புதூர்நாட்டுக்கு ஏறும் ஆளுக்குப் பின்னால் வருவது புளி மூட்டை ஏற்றப் போகும் மினி லாரியாகத்தான் இருக்கும்.

புதூர்நாட்டை இழுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற சைக்கிள்காரர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கினால் பெரும்பாலும் ஏலகிரிக்குத்தான் போகிறார்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை, மேலே ஹோட்டல். அந்தப் பக்கம் ஜவ்வாது மலை அப்படியல்ல. திருப்பத்தூரிலிருந்து ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று 'நாடு' போட்ட மலையாளிப் பழங்குடி ஊர்கள், சாமைக் கொல்லைகள், நடுவே காடு. (2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டமாக இருந்தது, இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.) கூட்டம் இல்லாத ரோடு என்பதால் சைக்கிளுக்கு அருமையான இடம். அதே காரணத்தால், சக்கரம் மடங்கினால் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிய இடமும் கூட. ஒரு சக்கரத்தின் லட்சணம் ஈ.சி.ஆர். ரோட்டில் தெரியாது. இங்கே தெரியும்.

சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மீதி தானாகப் புரியும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மரம். அச்சுக்குக் கீழே உள்ள கால் தூண் மாதிரி பாரத்தைத் தாங்கும். சைக்கிள் கம்பி அப்படித் தாங்க முடியாது. இரண்டு மில்லிமீட்டர் கம்பியைத் தரையில் ஊன்றி அழுத்தினால் வளைந்துவிடும். அதற்கு இழுவையில்தான் பலம். அதனால் எல்லாக் கம்பிகளையும் நிப்பிளை முறுக்கி முன்கூட்டியே விறைப்பாக இழுத்து வைத்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்ததும் தரைக்கு நேர் மேலே இருக்கிற சில கம்பிகளில் மட்டும் அந்த விறைப்பு கொஞ்சம் குறைகிறது. சக்கரம் சுற்றியதும் பழையபடி ஏறுகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-ல் சைக்கிள் சக்கரத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதி இதை விளக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். நூறு கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்ட 47,000 தடவை தளர்ந்து விறைக்கிறது. கட்டுக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போம் இல்லையா, அந்த வேலை இங்கே மெதுவாக நடக்கிறது. கம்பி உடைவது ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்ததால் அல்ல. பல லட்சம் தடவை ஆடி ஆடிச் சோர்ந்து போனதால். அதனால்தான் ஒன்றுமில்லாத சமதரையில், ஓரமாக நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட, 'டிங்' என்று போகும். பெரும்பாலும் ஹப்பில் மாட்டியிருக்கும் வளைந்த கழுத்தில்தான் போகும்.

கனமான ஆளின் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆள் நூறு, வண்டியும் தண்ணீரும் பன்னிரண்டு, ஆக 112 கிலோ. பின் சக்கரத்துக்கு அதில் 67 கிலோ வாக்கில். கம்பி குறைவாக இருந்தால் ஒவ்வொன்றின் பங்கும் அதிகம், ஆட்டமும் அதிகம். கம்பியின் ஆரம்ப விறைப்பு போதாமல் இருந்தால் கீழே வரும்போது முழுக்கத் தொய்ந்தே போகும். தொய்ந்த கம்பியில் நிப்பிள் தானாகக் கழன்று கொள்ளும், சக்கரம் கோட்டமாகும். கோட்டமான சக்கரத்தில் மற்றக் கம்பிகளுக்குச் சுமை கூடும். பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் போகும். இறுக்கமாக இருப்பதால் உடைகிறது என்று நினைத்துச் சிலர் தளர்த்தி விடுகிறார்கள். அது இன்னும் மோசம்.

இதில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது, கடைக்காரர்கள் அதிகம் பேசாதது. நாட்டு சைக்கிளின் பின்னால் ஒரே ஒரு ஃப்ரீவீல் பல்சக்கரம். ஹப்பின் இரண்டு ஓரத் தட்டுகளும் ஏறக்குறைய நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே மாதிரி இழுக்கும். ரோடு பைக்கில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு பல்சக்கரம் வலது பக்கத்தில் இடம் பிடித்துக் கொள்வதால் வலது தட்டு நடுவை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலது கம்பிகளை 100, 120 கிலோ இழுவைக்கு முறுக்க வேண்டும். இடது பக்கத்துக்கு அதில் பாதி அல்லது கொஞ்சம் கூட, அவ்வளவுதான் கிடைக்கும். ஒரு பக்கம் கிடார் கம்பி, மறுபக்கம் கொடிக் கயிறு. பால்காரர் சக்கரம் உழைத்ததற்கு நாற்பது கம்பி பாதிக் காரணம் என்றால் இந்தச் சமநிலை மீதிக் காரணம். கியர் வேண்டும் என்று வந்துவிட்ட பிறகு இந்தச் சமநிலை திரும்பக் கிடைக்காது. ஆகவே எண்ணிக்கையிலாவது விட்டுக் கொடுக்கக் கூடாது.

எனவே, எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவர் பின்னால் 32 கம்பிக்குக் குறைந்த எதையும் தொடாமல் இருப்பது நல்லது. நூறைத் தாண்டினால் 36. முன்னால் 32 தாராளமாகப் போதும். 40 கிடைத்தால் விசேஷம்தான், ஆனால் ரோடு பைக் அளவில் நாற்பது ஓட்டை ஹப்பும் ரிம்மும் இரண்டு பேர் மிதிக்கும் டேண்டம் வண்டிகளுக்காகச் செய்யப்படுவது, இங்கே தேடுவது வீண் அலைச்சல். 36 ஓட்டை ஹப் ஷிமானோவின் டூரிங் வகைகளில் வருகிறது. ரிம் இரட்டைச் சுவர் அலுமினியம், அகலமானது, ஐந்நூறு அறுநூறு கிராம் எடையுள்ளது. பெயர் சொன்னால் யாரும் வாயைப் பிளக்காத ரிம். கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டி.டி. சுவிஸ், சாப்பிம் கம்பெனிகள் நடுவில் மெலிந்து இரண்டு முனையிலும் தடித்த கம்பிகளைச் செய்கின்றன. மெலிந்தது எப்படிப் பலமாகும் என்று தோன்றும். நடுப்பகுதி லேசாக நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சி கழுத்தில் வந்து முட்டாமல் பக்கத்துக் கம்பிகளுக்கும் பங்கு போகிறது. முழுக்கத் தடித்த கம்பியைவிட இது அதிகம் உழைக்கும்.

"வீல் வெயிட் முன்னூறு கிராம் கூடிடுமே, மலை ஏறும்போது இழுக்காதா?" என்று ஒரு நண்பராவது கேட்பார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 112 கிலோவில் 300 கிராம் என்பது நூற்றுக்குக் கால் பங்கு சொச்சம். ஒரு மணி நேர ஏற்றத்தில் பத்து விநாடி வித்தியாசம். சுற்றுகிற எடை இரட்டிப்பாக இழுக்கும் என்பார்கள். அது வேகத்தைத் திடீரென்று கூட்டும்போது மட்டும் ஓரளவு உண்மை, ஒரே சீராக மலை ஏறும்போது எந்த எடையும் ஒரே எடைதான். அந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடிக்க இலகுவான சக்கரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு பணம் கொடுப்பதும், பிறகு காட்டுக்குள் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்பதும் என்ன கணக்கு என்று புரியவில்லை.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கனமான ஆள் யோசிக்க வேண்டும். 110 கிலோ ஐந்நூறு மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காற்றோடு போகும், ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக் கொண்டே இறங்குகிறவருக்கு மீதி முழுக்க பிரேக்கில் சூடாகத்தான் தீர வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அந்தச் சூடு ரிம்முக்கு. அலுமினியம் அதைத் தாங்கிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்மில் பிசின் இளகி ஓரம் உப்பிய கதைகள் உண்டு. அதனால் ரிம் பிரேக் வண்டியில் கனமான ஆள், நீண்ட மலை இறக்கம், கார்பன் ரிம், மூன்றும் சேரவே கூடாது. டிஸ்க் பிரேக் என்றால் ரிம்முக்குச் சூடு இல்லை, தேய்மானமும் இல்லை. மழைக்காலத்து மண் பிரேக் கட்டையில் ஒட்டி அலுமினியத்தை உப்புத்தாள் மாதிரி அரைக்கும் தொல்லையும் போச்சு. புதிதாக வாங்குகிறவருக்கு டிஸ்க் வண்டிதான் சரி. இருக்கிற ரிம் பிரேக் வண்டியை அதற்காக விற்க வேண்டியதில்லை.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரேமில் எவ்வளவு அகலம் நுழையுமோ அவ்வளவு அகலம். நூறு கிலோ ஆள் 23 மி.மீ. டயரில் போவதென்றால் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்க வேண்டும், கட்டை வண்டியில் போகிற சுகம் கிடைக்கும். குறைத்து அடித்தால் பள்ளத்தில் ட்யூப் நசுங்கி பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை. 32 மி.மீ. என்றால் எண்பது பக்கம் போதும். அதிர்ச்சியை டயர் வாங்கிக் கொள்வதால் கம்பிக்கும் நல்லது. பழைய பந்தய பிரேம்களில் 25-க்கு மேல் நுழையாது என்பதால் பிரேம் வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். நாட்டு சைக்கிளின் 28-க்கு ஒன்றரை டயர் நாற்பது மில்லிமீட்டர் அகலம் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளலாம். ஆனால் அதை ரோடு பைக்கில் மாட்ட முடியாது. அதன் ரிம் 635 மி.மீ., இது 622.

இனி, யாரும் காசு கொடுக்க விரும்பாத விஷயம். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானதும் அதுதான். சக்கரம் கட்டுகிற கை.

கடையில் வண்டியோடு வரும் சக்கரங்கள் பெரும்பாலும் மிஷினில் கட்டியவை. நேராக ஓடும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கம்பிகளின் விறைப்பு குறைவாகவும் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாகவும் இருக்கும். அறுபது கிலோ ஆளுக்கு அது வருடக்கணக்கில் ஓடிவிடும். நூறு கிலோ ஆளுக்கு மூன்று மாதம். அதே சக்கரத்தை நல்ல மெக்கானிக் ஒருவர் முதலிலேயே எடுத்து, எல்லாக் கம்பியையும் ஒரே அளவுக்கு முறுக்கி, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்திப் படியவைத்து, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் அது வேறு சக்கரம். செலவு ஒரு டயர் விலை கூட ஆகாது. நாலாயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் யோசிக்காமல் கொடுப்பவர்கள் இதற்கு மட்டும் ஏன் பேரம் பேசுகிறார்கள்?

திருப்பத்தூர் மாதிரி ஊர்களில் ரோடு பைக் சாமான் கிடைக்காது என்று பெரிய ஊர் ஆட்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. சாமான் இல்லை, கை இருக்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06-லிருந்து பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள்கள் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகின்றன. அவற்றுக்குக் கோட்டம் எடுக்கிற ஆள் தாலுகாவுக்குத் தாலுகா இருக்கிறார். பழைய மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைச் சுழலவிட்டு, கட்டைவிரல் நகத்தை ரிம் ஓரத்தில் வைத்து, எந்தக் கம்பியை எத்தனை கால் சுற்று முறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். கம்பியைத் தட்டி ஓசை கேட்டே விறைப்பைச் சொல்கிறவர்களும் உண்டு. அவர் முன்னால் 36 கம்பி போட்ட சாதாரணச் சக்கரத்தை வைத்தால், "இது நம்ம வண்டி மாதிரிதான் தம்பி, உக்காருங்க" என்பார். வளைவில்லாத நேர்க் கம்பி, ரிம்முக்குள் ஒளிந்திருக்கும் நிப்பிள், அந்தக் கம்பெனி சாவி போட்டால்தான் திரும்பும் தலை என்று ஒன்றை வைத்தால் அவர் என்ன செய்வார், பாவம். "இதுக்குக் கம்பி எங்க கெடைக்கும்னு வாங்கின எடத்துல கேட்டீங்களா?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

சக்கரக் கம்பெனிகள் எடை வரம்பு என்று ஒன்றைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். நூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபது கிலோ என்று பலவிதம். சிலர் ஆளை மட்டும் சொல்கிறார்கள், சிலர் வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து. எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் விற்கிற கடையும் வாங்குகிற ஆளும் நிறைய. வெட்கப்பட்டுக் கொண்டு எடையை ஐந்து கிலோ குறைத்துச் சொல்லும் வழக்கம் வேறு. டாக்டரிடமும் சக்கரம் கட்டுகிறவரிடமும் பொய் சொல்லக் கூடாது.

"ஓட்டுகிற விதத்தில் இருக்கிறது, சக்கரத்தில் ஒன்றும் இல்லை" என்று ஒரு கட்சி உண்டு. பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து எழுந்து, முழங்கை முழங்காலை மடக்கி வாங்கிக் கொண்டால் சக்கரம் பிழைக்கும் என்பது சரியே. ஆனால் இரவில், நிழலில், முன்னால் போகும் பஸ்ஸின் புகையில் எல்லாப் பள்ளமும் தெரிந்தா வருகிறது? ஒரு கம்பி போனாலும் வீடு வரை வந்து சேருகிற சக்கரமும் வேண்டும். 36-ல் ஒன்று போனால் ரிம் லேசாக ஆடும், பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திக் கொண்டு ஓட்டிவிடலாம். 20-ல் ஒன்று போனால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்து பிரேக்கிலோ பிரேமிலோ உரசி நின்றுவிடும். மூன்று கம்பி வரை போனால் தனித்தனியாக மாற்றிக் கொள்ளலாம். அதற்கு மேல் போனால் மற்றவையும் அதே வயசுதான், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுக் கம்பியில் கட்டிவிடுவதுதான் மலிவு.

மலைக்குப் போகிறவர் கையில் உதிரிக் கம்பி இருக்க வேண்டும். நாட்டு சைக்கிள் கம்பியின் நீளம் வேறு, அவசரத்துக்கு அதை வாங்கிப் போட முடியாது. பின் சக்கரத்திலேயே வலது பக்கக் கம்பியும் இடது பக்கக் கம்பியும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும். ஆகவே பின் வலது இரண்டு, பின் இடது இரண்டு, முன் ஒன்று, நிப்பிளோடு, பிரேமின் பின்பக்கக் குழாயோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிடலாம். ஒரு நிப்பிள் சாவி. வலது பக்கக் கம்பி போனால் பல்சக்கரத்தைக் கழற்றாமல் மாட்ட முடியாது என்பதால் அதைக் கழற்றும் சாமான் ஒன்று. ஐந்து கம்பியும் நிப்பிள் சாவியும் சேர்ந்து நூறு கிராம் கூட வராது.